கழுத்துக்கிட்ட இன்னும் ஓடலீங்க

என் பட்டறையில் அவர் விரல் படாத பொருள் கிடையாது. டீ கிளாஸ், கதவுத் தாழ்ப்பாள், புது இரும்புத் தகடு, சாப்பாட்டு டப்பாவின் மூடி, எது கைக்கு வந்தாலும் முதலில் நடுவிரலின் நகப்பக்கத்தால் மெதுவாக ஒரு கோடு இழுப்பார். கண் வேறெங்கோ இருக்கும். விரல் ஓரிடத்தில் தடுக்கினால் புருவம் சுருங்கும். மறுபடி அதே இடத்தில் ஒரு கோடு. பிறகுதான் அந்தப் பொருளைப் பார்ப்பார்.

பெயரை எழுதவில்லை. "என் பேரு வேணாங்க ஐயா" என்று அவரே சொல்லிவிட்டார். என்னிடம் வேலை பார்த்தபோது அவள், இவள் என்றுதான் பேசுவேன். என் மகளைவிட வயதில் சின்னவர். இப்போது எழுதும்போது கை தானாக அவர் என்று போடுகிறது.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் இந்தத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் அவரைப் பற்றி ஒரே சேதிதான் சொல்வார்கள். அந்தம்மா படத்தைத் தப்பாகப் போட்டது, பிளேடு முறிந்தது, ஓர் ஆள் செத்துப்போனான். இதை முதலில் சொன்னவன் நான். அதில் எவ்வளவு உண்மை என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருக்கிற பழக்கமும் எனக்கு இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எறையூர்ப் பக்கம் கரும்பு ஏற்றுகிற டிராக்டர் பெட்டிகளுக்கு வெல்டிங் பற்றவைத்துத் தொழில் கற்றேன். கண்ணாடி போடாமல் பற்றவைத்து மூன்று நாள் கண் திறக்க முடியாமல் கிடந்திருக்கிறேன். இன்றைக்குப் பெரம்பலூரில் என் ஷெட் இரண்டு. பெரம்பலூர் மாவட்டத்தில் ஃபைபர் விசிறி பிளேடு செய்த முதல் ஆள் நான்தான், யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். சொன்ன தேதி தவறியவன் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நாற்பது வருஷமாக மார் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆலைகளில் சூடான தண்ணீரை ஆற்றுவதற்குக் கோபுரம் கட்டியிருப்பார்கள். அதன் உச்சியில் ஓர் அறை அகலத்துக்கு விசிறி சுற்றும். அந்த விசிறியின் பிளேடுதான் என் சரக்கு. ஆரம்பத்தில் பழைய பிளேடைப் படுக்கவைத்து அதன் மேலேயே அச்சு எடுத்து, கண்ணாடி இழையில் நெய்த துணியை வைத்து ரெசின் பசை பூசி அதே மாதிரி இன்னொன்று செய்வோம். பிறகு ஆலைக்காரர்கள் கெட்டியாகிவிட்டார்கள். "சொந்த டிசைன் வேணும், கம்ப்யூட்டர் படம் வேணும்" என்றார்கள். அப்போதுதான் அவர் வந்தார். கொரோனா ஓய்ந்த சமயம்.

குன்னம் பஸ்ஸில் இறங்கி, கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு நின்றார். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் கொல்லையில் பருத்தி எடுத்து, வெங்காயம் பிடுங்கிப் படிக்கவைத்த பெண். டிப்ளமா முடித்து வெளியூரில் காற்றாலை இறக்கை வரைகிற கம்பெனியில் பல வருஷம் இருந்தவர். அப்பா போய்விட்டார், அம்மாவுக்கு ரத்த அழுத்தம், பார்க்க ஆள் இல்லை என்று ஊருக்குத் திரும்பியிருந்தார்.

"என்னம்மா தெரியும் உனக்கு?"

மேசை ஓரம் சாத்தியிருந்த பிளேடில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார்.

"இது யாரு பண்ணதுங்க?"

"நான்தான்."

"ரெண்டு எடத்துல தடுக்குதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. வேலைக்கு எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். அவர் போன பிறகு நானும் தடவிப் பார்த்தேன். ஒன்றுதான் கிடைத்தது. இரண்டாவதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. போன் செய்து மறுநாள் வரச் சொல்லிவிட்டேன்.

அவர் வேலை என்ன என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். முள்ளங்கி நறுக்குகிற மாதிரி பிளேடைக் குறுக்கே நறுக்கினால் ஒவ்வொரு வில்லையும் ஒரு மீன் மாதிரி இருக்கும். முன்னே மழுங்கின தலை, பின்னே வரவரச் சிறுத்து வால். நுனிப்பக்கத்து மீன் சின்னது, தட்டையானது. அடிப்பக்கத்து மீன் பருத்தது, சாய்ந்து நிற்பது. அதற்கும் கீழே விசிறியின் குடத்தில் மாட்டுகிற இடத்தில் மீனே கிடையாது, உருண்டைத் தடி. அவர் இந்த வில்லைகளைக் கம்ப்யூட்டரில் வரிசையாக நிறுத்தி, ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தோல் இழுப்பார். லாஃப்ட் என்று சொல்வார்கள். பந்தக்கால் நட்டு மேலே துணி இழுத்துக் கட்டுகிற மாதிரி. கால் குறைந்தால் துணி நடுவில் தொங்கும்.

ஒவ்வொரு மீனைச் சுற்றியும் புள்ளிகள் வைப்பார். எல்லா மீனுக்கும் ஒரே எண்ணிக்கை, எல்லாமே வாலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருமுறை ஒரு மீன் தலையிலிருந்து தொடங்கிவிட்டது. திரையில் பிளேடு பிழிந்த வேட்டி மாதிரி முறுக்கிக்கொண்டது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. புள்ளிகளை முதலிலிருந்து எண்ணினார்.

தோல் இழுத்த பிறகு அதன் மேல் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் விழவைப்பார், வரிக்குதிரை முதுகு மாதிரி. பட்டை உடையாமல் அடியிலிருந்து நுனிவரை வழுக்கிக்கொண்டு போனால் தோல் சரி. எங்காவது வெடுக்கென்று ஒடிந்தால் அங்கே ஒரு நெளிவு இருக்கிறது. எங்கள் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். அவருக்கு மட்டும் தெரியும். "இன்னும் ஓடலீங்க" என்பார்.

அதுதான் அவருடைய ஒரே பேச்சு. முடிந்ததா என்று யார் கேட்டாலும் "இன்னும் ஓடலீங்க". பட்டறையில் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். கண்ணாடித் துணி படியவைக்கிற மேஸ்திரி செல்வராசு டீ ஆற்றிக்கொண்டே கேட்பான்: "மேடம், டீ எப்படி, ஓடுதா?"

"சக்கரைகிட்ட தடுக்குதுண்ணே."

நிறத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வேலை நடக்கிற தோலைச் சிவப்பாக வைப்பார். முடிந்தால் சாம்பல் நிறம். வந்த முதல் வாரமே என்னிடம் சொல்லிவிட்டார்: "சிவப்பா இருந்தா இன்னும் முடியலன்னு அர்த்தங்க ஐயா. அத யாருக்கும் குடுத்துடாதீங்க."

செல்வராசு உடனே, "என் வூட்டுக்காரிக்கும் இப்படி ஒரு கலர் வச்சா தேவலாம் மேடம், எப்ப கிட்டப் போவலாம்னு தெரியும்" என்றான்.

"உங்களுக்கு எப்பவும் சிவப்புதாண்ணே."

அவர் சொல்லி எல்லாரும் சிரித்தது அந்த ஒருமுறைதான் எனக்கு நினைவில் இருக்கிறது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை, விரல் டீ கிளாஸின் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்று. திருச்சியில் ஒருவரிடமிருந்து வெள்ளைக் கார் வாங்கி வந்தேன். கைமாறிய வண்டிதான், ஆனால் கீறல் இல்லாத வண்டி. பட்டறை வாசலில் நிறுத்தி எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "நான் பாத்து வாங்கின வண்டி, ஒரு கீறல் காட்டு பாக்கலாம்" என்றேன். அவரும் வந்தார். இடது பக்கக் கதவில் நகத்தை இழுத்தார். நின்றார். மறுபடி இழுத்தார்.

"இது எங்க அடிபட்டுச்சுங்க?"

"அடியே படலம்மா."

"பட்டி இருக்குங்க. ஒரு சாண் அகலத்துக்கு."

செல்வராசு உள்ளே ஓடிக் காந்தம் எடுத்துவந்தான். இரும்பில் ஒட்டும், பள்ளத்தை நிரப்பிப் பூசிய பட்டியில் ஒட்டாது. கதவு முழுக்க ஒட்டிய காந்தம் அவர் காட்டிய இடத்தில் நழுவித் தரையில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை, என் முகம் அப்படி இருந்திருக்கும். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு கேட்டேன், "ஏம்மா, நாலு பேரு எதிர்ல அத சொல்லணுமா?"

"நீங்க காட்டச் சொன்னீங்க."

இப்படிப்பட்ட ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது சுகமில்லை. பெருமை பேசுகிற வாய்க்கு அது தொண்டையில் சிக்கின முள். ஆனால் அவர் சாம்பல் நிறமாக்கிக் கொடுத்த எந்தப் பிளேடும் திரும்பி வந்ததில்லை.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை. அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை சூளையை நிறுத்தி எல்லாவற்றையும் பழுதுபார்ப்பார்கள். அந்தச் சில நாட்களுக்குள் புது விசிறியை மாட்டிவிட வேண்டும். ஆறு பிளேடு, பெரிய அளவு, நாங்கள் அதுவரை செய்யாத அளவு. தேதி கொடுத்துவிட்டேன். அவர் படம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலையில் அவருடைய அம்மா, வீட்டு வாசலில் விழுந்துவிட்டார், ஒரு பக்கம் கை கால் வரவில்லை. திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நான்காம் நாள் போன் செய்தேன்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"பேச்சு வரலீங்க ஐயா."

"சரியாப் போயிடும். படம் எந்த மட்டும்மா?"

"மேல எல்லாம் ஓடுதுங்க. கழுத்துக்கிட்ட இன்னும் ஓடலீங்க. தடி மீனாவுற எடம். நாலு வில்லைதான் இருக்கு, நடுவுல இன்னும் மூணு சேக்கணும். நான் வந்து ரெண்டே நாள்ல முடிச்சிடறேன்."

"எப்ப வருவ?"

"தெரியலீங்களே."

போனை வைத்துவிட்டு அவர் மேசைக்குப் போனேன். கம்ப்யூட்டரைத் திறக்க எனக்குத் தெரியும், எல்லாவற்றையும் நானே கற்றுக்கொண்டவன். பிளேடு திரையில் நின்றது. சிவப்பாக நின்றது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு நானே காரை ஓட்டித் திருச்சி போனேன், அச்சு வெட்டித் தருகிறவரிடம்.

அச்சு வெட்டுகிறவர் மிஷினில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, கழுத்துல ஒரு பள்ளம் மாதிரி தெரியுதே?"

"நீங்க வெட்டுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

அங்கிருந்து ஆஸ்பத்திரி பக்கம்தான். பழம் வாங்கிக்கொண்டு போனேன். படத்தை அனுப்பிவிட்டேன் என்று சொல்லத்தான் போனேன். அவர் அம்மாவின் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவின் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. இவர், அம்மாவின் நெற்றியிலிருந்து தாடைவரை நகப்பக்கத்தால் மெதுவாக ஒரு கோடு இழுத்தார். வாய் ஓரத்தில் விரல் நின்றது. மறுபடி நெற்றியிலிருந்து. நான் வந்ததையே பார்க்கவில்லை. பழத்தை வைத்தேன், இரண்டு வார்த்தை ஆறுதல் சொன்னேன், வந்துவிட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

அச்சு வந்தது. கழுத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். அந்த இடத்தில் கண்ணாடித் துணி படியவில்லை, தூக்கிக்கொண்டு நின்றது, அடியில் காற்று. செல்வராசு கூப்பிட்டுக் காட்டினான். "அண்ணே, ஆறுலயும் இதே எடத்துல கொப்புளம் வருது. மேடம் வரட்டுமே?"

"மேடம் வர்ற வரைக்கும் சூளை நிக்குமாடா?"

கொப்புளத்தைக் கீறி, பட்டி போட்டு, உப்புத்தாள் தேய்த்து, நானே என் கையால் ஆறு பிளேடையும் இழைத்தேன். மேலே சாம்பல் நிறப் பெயிண்ட். தடவிப் பார்த்தால் பட்டுத் துணி மாதிரி இருந்தது. சொன்ன தேதிக்கு லாரி ஏற்றினேன்.

அவர் திரும்பி வந்தபோது விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாவை வீட்டில் படுக்கவைத்துவிட்டு வந்திருந்தார், கண்ணெல்லாம் குழி. கம்ப்யூட்டரைத் திறந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்து நின்றார்.

"அரியலூர் பிளேடு எந்தப் படத்துல பண்ணீங்க ஐயா?"

"உன் படத்துலதான். வேற யாரு படம் இருக்கு?"

"அது சிவப்புலதானேங்க இருந்துச்சு."

"நான் பட்டி போட்டு ஏத்திட்டேன். என் கை பட்டா போதும்மா, ஓடும்."

"நிறுத்தச் சொல்லுங்க."

நான் சிரித்தேன். ஓடுகிற விசிறியை நிறுத்தச் சொல்ல வேண்டுமானால் நான் செய்தது கெட்டுப்போன சரக்கு என்று என் வாயால் சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் கைப்பையைக்கூட வைக்காமல் கேட்டார்: "சொல்லிட்டீங்களா ஐயா?" அதற்கடுத்த நாளும். ஒருநாள் "பாக்கலாம்" என்றேன். ஒருநாள் "வேலையப் பாரும்மா" என்று கத்தினேன். ஒன்பது நாள் கேட்டார். ஒன்பதாம் நாள் மத்தியானம் ஆலையிலிருந்து போன் வந்தது.

ஒரு பிளேடு கழுத்தில் முறிந்து, சுற்றியிருந்த கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே போயிருந்தது. கியருக்கு ஆயில் பார்க்க ஏறியவர், ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர், அங்கே நின்றிருந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. நான் போனபோது கோபுரத்தின் கீழே அவருடைய செருப்பு ஜோடியாக இருந்தது, ஏறும்போது கழற்றி வைத்தது.

விசாரணைக்கு இரண்டு பேர் என் ஆபீசுக்கு வந்தார்கள். படம் போட்டவரைக் கூப்பிட்டார்கள்.

"இந்தப் படம் நீங்க போட்டதா?"

"நான் போட்டதுதாங்க."

"சரியா இருக்கா?"

"இல்லீங்க. அது இன்னும்..."

அங்கே நான் புகுந்தேன். "அம்மாவுக்குப் பக்கவாதம் சார். பாவம், அந்த நேரத்துல கவனம் செதறிடுச்சு. நான்தான் கூட நின்னு பாத்திருக்கணும்" என்றேன். எவ்வளவு பெரிய மனசு என்று அவர்களே நினைத்திருப்பார்கள். அவர் என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். படத்தில் பிழை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அவர் அதோடு நிற்பார் என்று நினைத்தேன். மறுநாளும் வந்தார். ஆறு நாள் உட்கார்ந்து கழுத்தில் மூன்று வில்லைகளைச் சேர்த்து, புள்ளிகளை எண்ணி, தோலை மறுபடி இழுத்தார். ஆறாம் நாள் சாயங்காலம் நான் அந்தப் பக்கம் போனபோது பட்டைகள் தடியிலிருந்து மீனுக்கு வழுக்கிக்கொண்டு போயிருந்தன, எது எங்கே மாறுகிறது என்றே தெரியவில்லை. நிறத்தை மாற்றினார். சாம்பல். பட்டறைச் சாவியை மேசை மேல் வைத்தார். "இப்ப ஓடுதுங்க" என்றார். குன்னம் பஸ் ஏறிவிட்டார்.

அந்தப் படத்தில்தான் இன்றுவரை பிளேடு செய்கிறேன். ஒன்றும் முறிந்ததில்லை. என் பிளேடு, என் பிளேடு என்று நான் மேடை போட்டுச் சொல்கிற பிளேடு அதுதான்.

அவருக்கு வேலை கொடுக்க நினைத்து இரண்டு இடத்திலிருந்து என்னிடம் விசாரித்தார்கள். "கை நல்ல கை சார், கவனம் பத்தாது" என்றேன். இரண்டு பேரிடமும் அதே வாக்கியம். குன்னத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்து, பட்டாவுக்கும் வருமானச் சான்றுக்கும் விண்ணப்பம் ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

போன வருஷம் எனக்குச் சர்க்கரையால் விரல் நுனி மரத்துப்போயிற்று. பிளேடில் கையை வைக்கிறேன், பட்டியா ஃபைபரா, மேடா பள்ளமா, ஒன்றும் தெரியவில்லை. செல்வராசு பக்கத்தில் நின்றான். "எப்படிண்ணே, சரியா இருக்கா?" என்றான். "ம்ம்" என்றேன். எனக்குத் தெரியவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "மேடம் இருந்திருந்தா ஒரு இழுப்புல சொல்லியிருக்கும்" என்றான்.

எழுத்துக் கூட்டி ஒரு காகிதம் எழுதினேன். எடுத்துக்கொண்டு குன்னம் போனேன். கடையில் நாலைந்து பேர் ஆதார் அட்டையோடு காத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க ஐயா, உக்காருங்க." கூட்டம் கலைந்த பிறகு காகிதத்தைக் கொடுத்தேன். 'அவசரத்தில், தெரியாமல், முடியாத படத்தை அனுப்பிவிட்டேன், குற்றம் என்னுடையது' என்று இருந்தது. வரியின் மேல் நகத்தை வைத்து இழுத்துக்கொண்டே படித்தார். விரல் நின்றது.

"இங்க பட்டி போட்டிருக்கீங்க ஐயா."

'தெரியாமல்' என்ற இடத்தில் விரல் இருந்தது.

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கோபமாகத்தான் வந்தேன். பத்து நாள் கழித்து இன்னொன்று எழுதிக்கொண்டு போனேன். அதில் 'அவசரத்தில்' மட்டும் இருந்தது. படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இன்னும் ஓடலீங்க."

மூன்றாவதில் நாலே வரி. விரல் எங்கும் நிற்காமல் கடைசி வரிவரை போயிற்று. நான்தான் கேட்டேன்.

"அன்னிக்கு அவங்க கேட்டப்ப ஏம்மா நீ சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேங்க."

காகிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார். "எனக்கு எதுக்குங்க இது. செத்துப்போனவரு வூட்டுல குடுங்க. நான் வருஷம் ஒருக்கா போறேன். என் தப்பத்தான் நான் சொல்ல முடியும். உங்க தப்ப நான் எப்படிங்க சொல்றது?"

"உன் தப்பு என்னம்மா?"

"ஒம்பது நாளு உங்களையே கேட்டுக்கிட்டு இருந்தேனே. அரியலூருக்கு ஒரு மணி நேர பஸ்ஸுங்க ஐயா. நானே ஏறிப் போயி சொல்லியிருக்கலாம்."

இரண்டு முறை அரியலூர் தாண்டி அந்த வீடு இருக்கிற ஊர் வரைக்கும் போய், காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். யாருக்கும் பயந்தவன் இல்லை என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்த ஆள்தான். மூன்றாம் முறை இறங்கினேன்.

செத்துப்போனவரின் மனைவி வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"பெரம்பலூர் முதலாளிங்களா? வாங்க வாங்க." சாம்பலில் கையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மறுபடி பலகை முன்னால் உட்கார்ந்து உடைத்துக்கொண்டே பேசினார். "அன்னிக்கு சாவுக்கு வந்தீங்க, மாலை போட்டீங்க. பெரிய மனுசங்க வேற யாரு எங்க வூட்டுப் படி ஏறுனா? அந்தப் படம் போட்ட பொண்ணு மட்டும் வருசா வருசம் அவரு போன நாளைக்கு வந்துடும். ஒம்பது நாளு சும்மா இருந்துட்டேன்க்கா, ஒம்பது நாளு சும்மா இருந்துட்டேன்னு அழுவும். என்ன ஒம்பது நாளு தாயின்னு கேட்டா சொல்லாது. எனக்கும் இன்னிவரைக்கும் புரியல."

பாதித் தண்ணீர் குடித்திருந்தேன். காகிதத்தை எடுத்து நீட்டினேன்.

"கையெல்லாம் எண்ணெய்யிங்க, ஒட்டிக்கும். நீங்களே படிங்க."

நாற்பது வருஷம் பேசிய வாய். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படித்தேன்.

"படம் சிவப்பாக இருந்தது. பார்த்தேன், அனுப்பினேன். விசிறியை நிறுத்தச் சொல்லி அந்தப் பெண் ஒன்பது நாள் என்னைக் கேட்டது. நான் நிறுத்தவில்லை."

கொட்டை உடைக்கிற கை நின்றுவிட்டது.

"சிவப்புன்னா என்னங்க?"

"வேலை முடியலன்னு அர்த்தம்மா."

"அது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

எழுந்து வந்தார். என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மிச்சத் தண்ணீரை மண்ணில் ஊற்றினார். திரும்பப் போய்ப் பலகை முன்னால் உட்கார்ந்து அடுத்த கொட்டையை எடுத்தார். காகிதத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பக்கத்தில் தரையில் வைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. காற்றில் காகிதத்தின் ஓரம் எழும்பியபோது மட்டும், உடைக்காத கொட்டையை ஒரு கைப்பிடி அள்ளி அதன் மேல் வைத்தார்.